வேகத்துக்கு மசியாத மண்

2021 ஜூன் 27, ஞாயிற்றுக்கிழமை காலை. கென்யாவின் நைவாஷா ஏரியை ஒட்டிய காட்டுப் பாதையில் பெல்ஜியத்தைச் சேர்ந்த தியெரி நூவில் தன் ஹூண்டாய் காரைக் கிளப்பினார். மூன்று நாள் பாடுபட்டுச் சேர்த்த 57.4 விநாடி முன்னிலை அவர் கையில் இருந்தது. விநாடியைப் பத்தாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கும் விளையாட்டில் அது பெரிய சொத்து. பாக்கி இருந்தவை ஐந்தே சுற்றுகள். பதறாமல் ஓட்டினால் போதும், உலக ரேலி சாம்பியன்ஷிப்புக்கு 19 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த சஃபாரி ரேலியின் முதல் வெற்றி அவருடையது.

அன்றைய முதல் சுற்றின் பெயர் லோல்டியா. அதிலேயே காரின் பின்பக்க சஸ்பென்ஷன் உடைந்தது. நொண்டிக்கொண்டு வெளியே வந்த காரை வழியோரத்தில் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. நூவில் போட்டியிலிருந்து விலகினார். வெற்றி பிரான்ஸின் செபாஸ்டியன் ஓஜியேவுக்குப் போனது. அவரும் அலுங்காமல் வந்தவர் இல்லை. வெள்ளிக்கிழமையே ஷாக் அப்சார்பர் கெட்டு ஏகப்பட்ட நேரத்தை இழந்திருந்தார். இரண்டாவதாக வந்த ஜப்பான்காரர் டகமோட்டோ கட்சுட்டாவைவிட 21.8 விநாடி முன்னால் அவர் முடித்தார். எழுபது ஆண்டுகளாகச் சஃபாரி ரேலியில் நடப்பது இதுதான். அங்கே முதலில் தோற்பது கார், பிறகுதான் ஓட்டுநர்.

கார் பந்தயம் என்றால் நம்மில் பலருக்கு நினைவு வருவது வட்டமான தார்ச்சாலையில் கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சுற்றும் ஃபார்முலா ஒன். ரேலி வேறு வகை. இதில் யாரும் யாரையும் கண்ணுக்கு எதிரே முந்துவதில்லை. ஊரும் காடும் மலையும் கலந்த ஒரு வட்டாரத்தில், பொதுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஐந்து கிலோமீட்டர் முதல் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரை நீளமுள்ள பாதைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலே சொன்ன சுற்றுகள் இவைதான், ஸ்டேஜ் என்பார்கள். கார்கள் சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் புறப்படும். போட்டி கடிகாரத்தோடு. எல்லா ஸ்டேஜ்களிலும் எடுத்த நேரத்தைக் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரை வெற்றியாளராக அறிவிப்பார்கள். ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும் வழியில் அதே கார், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, போக்குவரத்து விதிக்குக் கட்டுப்பட்டு நகர வேண்டும். சிக்னலில் நிற்க வேண்டும். சோதனைச் சாவடிக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் பத்து விநாடி தண்டம்.

காருக்குள் இரண்டு பேர். பக்கத்தில் இருக்கும் கோ-டிரைவரின் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். போட்டிக்கு முன்பு அந்தப் பாதையில் இரண்டே இரண்டு முறை, அதுவும் மெதுவாக, போய்ப் பார்க்க அனுமதி உண்டு. அப்போது ஓட்டுநர் சொல்லச் சொல்லக் கோ-டிரைவர் குறித்துக்கொள்வார். வளைவின் கூர்மைக்கு ஓர் எண், தூரத்துக்கு ஓர் எண். “இடது ஐந்து, நூறு, மேடு, வலது மூன்று, உள்ளே கல், வெட்டாதே” என்று போகும் அந்தக் குறிப்பு. போட்டியில் கார் பறக்கும்போது ஓட்டுநர் இன்னும் பார்க்காத வளைவைக் கோ-டிரைவர் வாசித்துக்கொண்டிருப்பார். மூச்சு விடும் நேரம் பிசகினாலும் வாசிப்பு பின்தங்கிவிடும். ஓட்டுநர் கண்ணை நம்புவதைவிடக் காதைத்தான் அதிகம் நம்புகிறார். பரிசு மேடையில் இரண்டு பேரும் சேர்ந்தே நிற்பதற்கு நியாயமான காரணம் இது.

சரளை ரேலிகளில் புறப்படும் வரிசைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. உதிரிக் கல்லும் மணலும் மேலே பரவிக் கிடக்கும் பாதையில் முதலில் போகும் கார், தன்னை அறியாமலே பெருக்கிக்கொண்டு போகிறது. பின்னால் வருபவர்களுக்குக் கெட்டியான தரை கிடைக்கும், டயர் பிடிக்கும். சாம்பியன்ஷிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரைத்தான் முதல் நாளில் முதலில் அனுப்புவார்கள். ஆகவே முன்னணியில் இருப்பதே அங்கே ஒரு சுமை. பின்லாந்திலும் சார்டீனியாவிலும் இந்தக் கணக்கு ஓரளவு ஒழுங்காக வேலை செய்யும். கென்யாவில் செய்யாது. அங்கே பின்னால் வருபவருக்குப் பெருக்கிய தரைக்குப் பதிலாக, முன்னே போனவர்கள் உழுத பள்ளமும், காற்றில்லாத நேரத்தில் அப்படியே தொங்கும் புழுதித் திரையும்தான் பல சமயம் கிடைக்கும்.

கிழக்கு ஆப்பிரிக்காவைத் தெற்கு வடக்காகக் கிழித்துக்கொண்டு போகும் ரிஃப்ட் பள்ளத்தாக்கில்தான் இப்போதைய சஃபாரி நடக்கிறது. நைவாஷா, எல்மென்டைட்டா ஏரிகளைச் சுற்றி, எரிமலைகள் வாரிக் கொட்டிய மண். ஹெல்ஸ் கேட் என்ற இடத்தில் நிலத்திலிருந்து இன்றும் நீராவி எழுகிறது, பக்கத்தில் அதைக் கொண்டே மின்சாரம் எடுக்கிறார்கள். இந்த மண்ணுக்கு மூன்று முகங்கள் உண்டு. ஒன்று, தரையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் பாறை. டயரையும் அடிப்பாகத்தையும் அது பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, ஃபெஷ்-ஃபெஷ் எனப்படும் மண். திருநீறு போல மெல்லிய தூசு, சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்குப் படிந்திருக்கும். மேலே பார்க்கச் சமமான தரைதான், உள்ளே கல் இருக்கிறதா குழி இருக்கிறதா என்பது இறங்கினால்தான் தெரியும். கார் அதில் நுழைந்ததும் தூசு எழுந்து இன்ஜின் மூச்சு விடும் துளை வரை போகும். காற்று வடிகட்டி அடைத்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். அதனால்தான் இந்த ரேலிக்கு மட்டும் கார்களின் முன்கண்ணாடி ஓரமாக ஒரு குழாய் மேல்நோக்கி நீட்டியிருக்கும். காற்றை உயரத்திலிருந்து இழுப்பதற்கான ஸ்நார்கெல் அது.

மூன்றாவது முகம் கரிசல். கோவில்பட்டிப் பக்கமோ விருதுநகர்ப் பக்கமோ மழைக்காலத்தில் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கென்யாவில் இருப்பதும் அதே வகைப் பருத்தி மண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தை அப்பிக்கொண்டு விடாது. டயரின் பட்டன்களுக்கு இடையே மண் அடைத்த பிறகு நான்கு சக்கரமும் சுழன்று என்ன, கார் தன் இஷ்டத்துக்கு வழுக்கும்.

இந்த மூன்றும் ஒரே ரேலியில், சில சமயம் ஒரே நாளில் வரும். 2021-ல் வெள்ளிக்கிழமை மாலை கெடாங் ஸ்டேஜில் பின்லாந்தின் கல்லே ரோவன்பெரா மணலில் புதைந்து, அன்று அதற்கு மேல் நகர முடியாமல் போனார். மறுநாள் மழை. ஸ்லீப்பிங் வாரியர் என்ற ஸ்டேஜில் எஸ்தோனியாவின் ஓட் தானக், முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்து வழி தெரியாமல், நடுப்பாதையில் காரை நிறுத்தித் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. உலக சாம்பியன் பட்டம் வென்ற ஓட்டுநர், கோடிக்கணக்கில் விலை போகும் கார், போட்டிக்கு நடுவே கண்ணாடி துடைக்கிறார்! அதில் போனது ஒரு நிமிடத்துக்கு மேல்.

ஸ்டேஜுக்குள் எது உடைந்தாலும் அந்த இரண்டு பேர்தான் சரிசெய்ய வேண்டும். உதிரி டயர் இரண்டுக்கு மேல் ஏற்ற முடியாது. பஞ்சரானால் கோ-டிரைவர் ஜாக்கியைப் போட, ஓட்டுநர் நட்டைக் கழற்ற வேண்டியதுதான். மெக்கானிக்குகள் கை வைக்கலாம் என்பது நைவாஷாவில் உள்ள சர்வீஸ் பார்க்கில் மட்டும். அதுவும் கடிகாரம் பார்த்து, இரவில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் கியர் பாக்ஸையே கழற்றி வேறு மாட்டிவிடுவார்கள்.

இன்றைய சஃபாரியில் ஸ்டேஜ்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பழைய சஃபாரியைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

1953-ல் இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் மகாராணிக்கு முடிசூட்டு விழா நடந்தபோது, அவர் ஆட்சியின் கீழ் இருந்த கென்யா, உகாண்டா, டாங்கனிக்கா ஆகிய மூன்று நாடுகளையும் சுற்றிவரும் காரோட்டமாக இது தொடங்கியது. அப்போதைய பெயர் கிழக்கு ஆப்பிரிக்க முடிசூட்டு சஃபாரி. காலனி அரசின் கொண்டாட்டமாகப் பிறந்தது, அந்த நாடுகள் விடுதலை பெற்ற பிறகு மக்களின் திருவிழாவாக ஆனது. ஈஸ்டர் விடுமுறையில் கிராமம் கிராமமாக ஜனங்கள் வழியோரம் காத்து நின்றார்கள். போட்டியின் தூரம் ஐயாயிரம் கிலோமீட்டரைத் தொட்டது. பாதையை யாரும் மூடவில்லை. எதிரே லாரி வரும், மாடு வரும், வரிக்குதிரை வரும். அதனால் கார்களுக்கு முன்னே தடித்த இரும்புக் கம்பிகளைப் பொருத்தினார்கள். பெரிய கம்பெனிகள் பின்னாளில் ஹெலிகாப்டரையே வாடகைக்கு எடுத்து, காருக்கு முன்னால் பறக்கவிட்டு, வழியில் என்ன நிற்கிறது என்று ரேடியோவில் சொல்ல வைத்தன. வெற்றியைத் தீர்மானித்தது தாமதம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு, வந்து சேரவே முடியாத நேரம் ஒன்றை நிர்ணயிப்பார்கள், எத்தனை நிமிடம் பிந்துகிறீர்களோ அத்தனை நிமிடம் கணக்கில் ஏறும்.

1963-ல் 84 கார்கள் புறப்பட்டன. முடித்தவை ஏழு. 1968-ல் 93 கார்கள் புறப்பட்டன. அப்போதும் முடித்தவை ஏழு. இரண்டு முறையும் வென்றது நிக் நோவிக்கி, பேடி கிளிஃப் ஜோடியின் பெஜோ 404. சாதாரணக் குடும்பங்கள் வாங்கி ஓட்டிய கார் அது. இந்தத் தகவலை ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். மழையில் ஆறுகள் பெருகி, பாதைகள் கரைந்துபோன நிலையில், அதிவேகக் கார்கள் எல்லாம் சேற்றில் கிடக்க, ஒரு குடும்பக் கார் இரண்டு முறை முதலில் வந்தது. சுவீடன்காரர் எரிக் கார்ல்சனின் கதையும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். 1964-ல் சேற்றில் மாட்டிய தன் சின்ன சாப் காரை அவர் பக்கவாட்டில் உருட்டிப் புரட்டி, கெட்டித் தரைக்குக் கொண்டுவந்து ஓட்டிச் சென்றார். பத்திரிகைக்காரர்கள் நம்பவில்லை. அவர்கள் கண் முன்னால் இன்னொரு முறை உருட்டிக் காட்டினார்.

முதல் போட்டியிலிருந்து 1971 வரை சஃபாரியை வென்றவர்கள் எல்லோரும் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர்கள். ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகள் தங்கள் சிறந்த ஓட்டுநர்களை ஆண்டுதோறும் அனுப்பிப் பார்த்தன, பலிக்கவில்லை. 1972-ல் பின்லாந்தின் ஹன்னு மிக்கோலா, சுவீடனின் குன்னார் பாம் ஜோடி ஃபோர்டு எஸ்கார்ட்டில் வந்துதான் அந்த வரிசையை உடைத்தது. எந்த ஓடையில் தண்ணீர் எப்போது வடியும், எந்தச் செம்மண் மேட்டில் ஈரம் மறைந்திருக்கும், எந்த இடத்தில் காரை விரட்டக் கூடாது என்பதெல்லாம் அங்கேயே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

அப்படித் தெரிந்தவர்களில் இரண்டு பேரை இந்திய வாசகர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் இருப்பது நம் விளையாட்டுப் பக்கங்களின் குறை.

முதலாமவர் ஜோகிந்தர் சிங். பஞ்சாபிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்தில், கென்யாவின் தேயிலை நகரமான கெரிச்சோவில் 1932-ல் பிறந்தவர். மெக்கானிக்காக வேலை பார்த்தவர். 1965-ல் தம்பி ஜஸ்வந்த் சிங்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஓடித் தேய்ந்த ஒரு வால்வோ பிவி 544 காரில் வென்றார். 1974-ல் மிட்சுபிஷி லான்சர். அந்த ஆண்டு அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது போர்ஷே 911, ஓட்டியவர் பின்னாளில் உலக சாம்பியனான சுவீடனின் பியோர்ன் வால்டெகார்டு. உலக சாம்பியன்ஷிப்பில் மிட்சுபிஷிக்குக் கிடைத்த முதல் வெற்றியே அதுதான். 1976-ல் மறுபடி வென்றார், முதல் மூன்று இடமும் மிட்சுபிஷிக்கு. தலைப்பாகையோடு கார் ஓட்டிய அவரைக் கென்யர்கள் ‘சிம்பா’ என்று, அதாவது சிங்கம் என்று, கொண்டாடினார்கள். அவர் கலந்துகொண்ட 22 சஃபாரிகளில் 19-ஐ முடித்திருக்கிறார். பாதிக்கு மேல் கார்கள் வழியிலேயே படுத்துவிடும் போட்டியில், மூன்று வெற்றியைவிட இந்தப் பத்தொன்பதுதான் பெரிய சாதனை. காரின் சத்தத்தை வைத்தே எங்கே தளர்கிறது என்று கண்டுபிடிக்கிற மெக்கானிக்கின் காது அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டாமவர் ஷேகர் மேத்தா. உகாண்டாவில் 1945-ல், தோட்டத் தொழில் செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1972-ல் இடி அமீன் அந்நாட்டு ஆசியர்களை எல்லாம் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்னபோது அந்தக் குடும்பமும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது. மேத்தா கென்யாவில் குடியேறினார். அடுத்த ஈஸ்டரிலேயே, 1973-ல், டாட்சன் 240 இசட் காரில் சஃபாரியை வென்றார். சஃபாரி உலக சாம்பியன்ஷிப்பில் சேர்ந்த முதல் ஆண்டு அது. அவரும் சுவீடனின் ஹாரி கேல்ஸ்ட்ரோமும் சரிசமமான தண்ட நிமிடங்களோடு முடித்தார்கள். யார் அதிக தூரம் வரை தண்டமே வாங்காமல் வந்தார் என்று பார்த்து மேத்தாவுக்குக் கொடுத்தார்கள். பிறகு 1979, 80, 81, 82 என்று தொடர்ந்து நான்கு முறை. உலக சாம்பியன்ஷிப் கணக்கில் ஐந்து முறை சஃபாரியை வென்றவர் வேறு யாரும் இல்லை. சொந்த ஊரைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஒருவர், அடுத்த நாட்டின் மிகப் பெரிய விளையாட்டில் தன் பெயரை இப்படி எழுதினார் என்பதை நினைக்கும்போது, இதை வெறும் கார் ஓட்டக் கதையாக ஒதுக்க முடியவில்லை.

ஜப்பான் கம்பெனிகள் சஃபாரியின் மதிப்பைச் சீக்கிரமே புரிந்துகொண்டன. இந்த மண்ணில் உடையாத கார் எந்த மண்ணிலும் உடையாது என்று ஆப்பிரிக்கச் சந்தை நம்பியது. டாட்சனும் மிட்சுபிஷியும் டொயோட்டாவும் வந்தது அதற்காகவே. போர்ஷே மூன்று முறை இரண்டாம் இடம் வரை வந்தும் கடைசி வரை ஜெயிக்கவில்லை.

2002-ல் ஸ்காட்லாந்தின் காலின் மெக்ரே ஃபோர்டு ஃபோகஸில் வென்றதோடு பழைய சஃபாரி முடிந்தது. அப்போதே தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுருங்கியிருந்தது. பணமும் ஏற்பாடுகளும் இல்லாமல் உலக சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்து கென்யா விழுந்தது. பிறகு கென்ய அரசே முன்னின்று மீட்டுக்கொண்டு வந்தது. 2020-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் நடந்தது. அன்று முதல் 2025 வரை ஐந்து முறையும் டொயோட்டாதான். ஓஜியே இரண்டு, ரோவன்பெரா இரண்டு, எல்ஃபின் எவன்ஸ் ஒன்று. 2022-லும் 2023-லும் முதல் நான்கு இடமும் அவர்களுக்கே.

பாதையை மூடி, தனியார் பண்ணை நிலங்களிலும் காப்புக் காடுகளிலும் நடத்துவதால் பழைய சஃபாரியின் பிரம்மாண்டம் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. ஆனால் திறந்த சாலையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் மேய்ச்சல் மாடுகளும் இருக்கும் வழியில், இன்றைய வேகத்தில் கார்களை விடுவதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது. சுருக்கியது சரியான முடிவு. மண் சுருங்கவில்லை என்பதை நூவிலின் உடைந்த சஸ்பென்ஷன் காட்டிவிட்டது.

வருந்த வேண்டிய இடம் வேறு. 1994-ல் இயன் டன்கன் வென்ற பிறகு உலக சாம்பியன்ஷிப் சஃபாரியைக் கென்யர் எவரும் வெல்லவில்லை. உச்ச வகைக் கார்களை ஓட்டுவது மூன்றே கம்பெனி அணிகள், உள்ளூர்க்காரர்கள் அதைவிட இரண்டு மூன்று படி கீழான கார்களில் ஓடுகிறார்கள். திறமை இல்லாமல் இல்லை. 2022-ல் மேக்சின் வாஹோமே என்ற இளம்பெண் சஃபாரியின் டபிள்யூஆர்சி-3 பிரிவில் முதலிடம் பிடித்தார். ரேலி ஏற்பாட்டாளராக இருந்த ஃபினியாஸ் கிமாத்தியின் மகன் சஃபாரியைத் தாண்டி சுவீடனின் பனிப்பாதை வரை போய் ஓட்டிவிட்டு வந்தார். அந்தப் பையனின் பெயர் மெக்ரே.

திறமையை எப்படி வளர்ப்பது என்பதற்குக் கட்சுட்டா உதாரணம். சஃபாரியில் 2021, 2022, 2024 ஆண்டுகளில் மேடை ஏறினார். அவர் ஒரே நாளில் அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. டொயோட்டா 2015 முதல் அவரைப் பின்லாந்தில் தங்க வைத்துப் பழக்கியது, கார்களை இடித்தபோதும் கைவிடவில்லை. நைரோபியின் தெருக்களில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. அந்த வியாபாரத்துக்கு அஸ்திவாரம் போட்டதில் ஜோகிந்தருக்கும் மேத்தாவுக்கும் பங்கு உண்டு. கென்யாவிலிருந்து ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ எடுத்து, கட்சுட்டாவுக்குக் கொடுத்த அதே ஆண்டுகளையும் அதே காரையும் கொடுக்க அந்த ஜப்பான் கம்பெனிகளில் ஒன்று முன்வர வேண்டும்.